மாமன் தாண்டிய கோடு

ஜாம்பிருவின் முன்னோர்கள் தங்கமானவர்கள். அவன் கேட்டு அவர்கள் மறுத்த காரியம் ஒன்றுகூடக் கிடையாது. பெரிய குடிசைக்கும் மாட்டுப் பட்டிக்கும் நடுவில் புகைந்துகொண்டிருக்கும் புனித நெருப்பின் அருகே குந்தி உட்காருவான். செத்துப்போன அப்பன், அவனுடைய அப்பன், அவனுக்கும் அப்பன் என்று வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுப்பான். எழுந்திருக்கும்போது முடிவு தயாராக இருக்கும். இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவர்கள்தான் சொன்னார்கள். பக்கத்து ஊர்க்காரன் இரவல் கேட்ட பொலிகாளையைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். எல்லாரும் சேர்ந்து ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிய அன்று, ஜாம்பிரு மட்டும் ஒப்புவோ நகரத்துக்குப் போய்வர வேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள்.

"செத்தவங்க எல்லாம் உங்க வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க போலருக்கு" என்பாள் மூத்தவள் கமாருரு, உடம்பில் பூசக் காவிக்கல் பொடியை வெண்ணெயில் குழைத்தபடியே. "எங்கப்பனும்தான் செத்தாரு. எம் பொண்ணுக்கு ஒரு சர்க்கரைப் பொட்டலம் வாங்கிக் குடுங்கன்னு யாருகிட்டயாவது சொன்னாரா?"

"பொம்பளைங்க காதுல அதெல்லாம் விழாது."

"ஏன் விழாது? தெனமும் குடிசைக்குள்ள இருந்து அந்தத் தணலைச் சுமந்துட்டு வர்றவ நான்தானே. எனக்கு நெருப்பு படபடன்னு வெடிக்கிற சத்தம்தான் கேக்குது."

ஜாம்பிரு இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. ஊருக்குத் தலைவன், நெருப்புக்குக் காவலன். வாயாடுகிற பெண்டாட்டியோடு மல்லுக்கு நின்றால் மரியாதை என்னாவது?

கதை கோட்டில்தான் தொடங்கியது. பெரிய குடிசையின் வாசலில் இருந்து நெருப்பு வழியாகப் பட்டியின் வாசல்வரை ஒரு கோடு ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடுதான், ஆனால் ஹிம்பா இனத்துக் குழந்தை தவழும்போதே அதைத் தெரிந்துகொண்டுவிடும். அப்பன் வழியில் அந்த நெருப்புக்குப் பிறந்த நெருப்புக்காரர்கள் தவிர வேற்றாள் யாரும், நெருப்பின் முன் நிறுத்தி வரவேற்கப்படும்வரை, அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முன்னோருக்கு அவமானம், அபராதமாக ஓர் ஆடு. ஜாம்பிருவின் அப்பன் காலம் முழுக்க ஒரே ஒருவன்தான் தாண்டினான். அவனும் குடித்திருந்தான்.

பிறகு ஒரு நாள் ஜீப்பில் வந்த வெள்ளைக்காரர் ஒருவர், கமாருருவின் தலைக்கட்டைப் படம் பிடிக்கப் பின்னாலேயே நடந்து நடந்து, கோட்டைத் தாண்டிவிட்டார். கூட்டிவந்த வழிகாட்டிப் பையன் பெட்ரூஸ் பதறிப்போனான். ஜாம்பிருவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது, பாவம், அதுதான் கடைசியாக வந்த உண்மைக் கோபம். ஆடு கொடுக்க வேண்டும் என்றான். வெள்ளைக்காரரிடம் ஆடு ஏது? ஜாம்பிருவிடமே ஓர் ஆட்டை வாங்கி, அதையே ஜாம்பிருவிடம் அபராதமாகக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை, அந்த ஆட்டைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். போகும்போது, தன் வாழ்நாளில் இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை என்று கண்கலங்கினார். ஆட்டை வாங்கிய நோட்டுகள் ஜாம்பிருவின் கையில் இருந்தன. ஆடும் பட்டியில் இருந்தது.

அன்று சாயங்காலம் முன்னோர்கள் அவனோடு நெடுநேரம் பேசினார்கள். அவர்களுக்குப் பழைய வாசல் பிடிக்கவில்லையாம். புகை கண்ணில் அடிக்கிறதாம். குடிசை வாசலை அடைத்து வேறு பக்கம் திறக்க வேண்டும், பட்டியின் வாசலையும் மாற்ற வேண்டும், நெருப்பையும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபோது, ஜீப்புகள் வந்து நிற்கும் மோப்பேன் மர நிழலுக்கும், பெண்கள் வளையலும் மணியும் பரப்பி உட்காரும் இடத்துக்கும் சரியாகக் குறுக்கே விழுந்தது கோடு. சுற்றிக்கொண்டு போகலாமே என்றால், அந்தப் பக்கம் முள்வேலி போட முன்னோர்கள் சொல்லியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், தாண்டினார்கள், கட்டினார்கள். சோளமாவு மூட்டையாக, சர்க்கரையாக, நோட்டாக. பெட்ரூஸுக்கும் அதில் ஏதோ கிடைத்துவந்தது. அபராதத்துக்கு என்றே ஒரு வெள்ளாடு மரத்தடியில் கட்டிக் கிடந்தது. தொங்கு காது, சாதுவான முகம். வாரத்தில் பல முறை விற்கப்பட்டு, பல முறை பறிமுதல் செய்யப்பட்டு, அது மட்டும் கொழுத்துக்கொண்டே போனது. தாண்டாமல் கவனமாக நின்றுவிட்ட சில வெள்ளைக்காரர்கள்தான், தங்களுக்கு ஏதோ கிடைக்காமல் போய்விட்டதுபோல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். ஆனால் காணாமல் போன கன்றைத் தேடிக்கொண்டு பக்கத்துப் பட்டிக் கோசோ வந்தான். பழைய வாசல் நினைப்பில் நேரே நடந்து கோட்டைத் தாண்டிவிட்டான். அவனும் ஹிம்பா, ஆனால் வேறு நெருப்பு. மழை பொய்த்த வருடம், அவன் வீட்டில் பால் கொடுத்துக்கொண்டிருந்தது ஒரே ஓர் ஆடு. பெண்டாட்டி மார் வற்றி, கைக்குழந்தை அந்த ஆட்டை நம்பித்தான் இருந்தது. கோசோ கெஞ்சினான்.

"புது வாசல்னு தெரியாம வந்துட்டேன் அண்ணே. இந்த ஒருக்கா விட்டுடுங்க."

"தெரிஞ்சவன் தெரியாதவன்னு நெருப்புக்கு வித்தியாசம் கிடையாதுப்பா. நான் விட்டாலும் அவங்க விட மாட்டாங்க."

ஆடு வந்து சேர்ந்தது. அன்றைக்கு கமாருரு சாப்பிடவில்லை. மறுநாள் ஒரு குடுக்கை மோர்ப்பாலை யாருக்கும் தெரியாமல் கோசோ வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். ஜாம்பிருவுக்கு அது தெரியும். தெரியாததுபோல இருந்துவிட்டான்.

இந்த ஆடுகள் எல்லாம் தூசு. ஜாம்பிருவின் கண் இருந்தது முசாசோ மாமாவின் மந்தைமேல். அவர்கள் வழக்கத்தில் அப்பன் கொடுப்பது நெருப்பு, தாய்மாமன் கொடுப்பது மாடு. முசாசோ மாமா ஜாம்பிருவின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவருடைய மந்தை நடந்து போனால், எழுந்த புழுதி அடங்குவதற்குள் ஒரு குடுவைப் பாலைக் கடைந்துவிடலாம் என்பார்கள். அவருடைய நெருப்போடு சேர்ந்த வழிபாட்டு மாடுகள் நான்கைந்து மட்டும் மகனுக்குப் போகும். மீதி அத்தனையும் தங்கை பிள்ளைகளுக்கு. தங்கை பிள்ளைகள் இரண்டே பேர். ஒருவன் ஜாம்பிரு. மற்றவன் சின்னம்மா மகன் வப்பெங்கா, மாமாவோடேயே திரிந்து மாடு மேய்க்கிறவன். கண் மங்கிக்கொண்டு வருகிறது, உயிரோடு இருக்கும்போதே மந்தை இன்னாருக்கு என்று கையைக் காட்டிவிடுகிறேன் என்று மாமா சொல்லியனுப்பியிருந்தார். நேரில் வருகிறேன் என்றும் சொல்லியிருந்தார். மூத்தவன் நான், தலைவன் நான், எனக்கில்லாமல் யாருக்கு என்று ஜாம்பிரு இரவெல்லாம் மாடுகளின் நிறத்தைச் சொல்லிக்கொண்டு புரண்டான்.

மாமா வந்த அன்று மரத்தடியில் பெட்ரூஸின் ஜீப்பும் நின்றது. நாலைந்து வெள்ளைக்காரர்கள் ஏற்கெனவே தாண்டி, கட்டி, தொங்கு காது ஆட்டோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தன் ஆட்டைத் திருப்பிக் கேட்க, இந்த முறை கோட்டுக்கு வெளியே பத்திரமாக உட்கார்ந்திருந்தான் கோசோ. ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. வப்பெங்கா இறங்கி, பின்னால் இருந்த கம்பளியையும் மரத் தலையணையையும் எடுக்கத் திரும்பினான். அந்த நேரத்துக்குள் கிழவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். தங்கை வாழ்ந்த வீடு. வழி காலுக்கே தெரியும்.

"மருமவனே! ஏ ஜாம்பிரு!" என்று கூப்பிட்டுக்கொண்டே கோட்டைத் தாண்டினார்.

வளையல் விற்ற பெண்களின் பேச்சு நின்றது. கோசோ எழுந்து நின்றான்.

"என்னடா சத்தத்தையே காணோம்? எல்லாரும் செத்துகித்துப் போயிட்டீங்களா?"

"இல்ல பெரியவரே" என்றான் கோசோ. "நீங்க கோட்டைத் தாண்டிட்டீங்க."

"எந்தக் கோடு? வாசல் அந்தாண்ட இல்ல இருக்கு?"

"இருந்துச்சு. முன்னோர் மாத்திட்டாங்க."

"செத்தவனுக்கு எதுக்குடா புது வாசல்?"

பெட்ரூஸ் நடப்பதை வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்தான். படப்பெட்டிகள் இந்தப் பக்கம் திரும்பின. அவன் நல்ல பிள்ளை, தொழில் தெரிந்தவன். "அண்ணே, வழக்கமான ஆட்டை ஓட்டிட்டு வரட்டுமா?" என்று மரத்தடியிலிருந்தே கேட்டான்.

"நீ வாய மூடு!" என்று கத்தினான் ஜாம்பிரு.

மாமாவுக்கு விஷயம் புரிந்தது. நெருப்பு இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "தப்புன்னா தப்புதான். நீ மருமவன்தான், ஆனா இது உங்கப்பன் நெருப்பு, என் நெருப்பு வேற. என்ன அபராதமோ சொல்லு, குடுத்துடறேன். மாமன்கிட்ட ஆட்டைப் புடுங்கின மருமவன்னு உன் பேரும் நாலு ஊருக்குத் தெரியட்டும்."

"அண்ணே, மாமாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றான் வப்பெங்கா. "விட்டுடுங்கண்ணே."

"விடலாமே" என்றான் கோசோ. "விட்டா நல்லதுதான். எம் புள்ளை வாயில இருந்து ஆட்டைப் புடுங்கினப்போ, தெரிஞ்சவன் தெரியாதவன்னு நெருப்புக்கு வித்தியாசம் கிடையாதுன்னு ஒருத்தர் சொன்னாரு. இன்னிக்கு நெருப்பு மனசு மாறிடுச்சுன்னா, என் ஆடும் என்னோட வரட்டும்."

கமாருரு கணவனின் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க பாருங்க. வாசலை மாத்தினது நான்தான், ஆசையில பண்ணிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கெழவரு சிரிச்சுட்டு மறந்துடுவாரு. கோசோ ஆட்டையும் அவுத்து விட்டுடலாம்."

"இத்தன பேரு முன்னாடியா?"

"மந்தை பெருசா, உங்க மூஞ்சி பெருசா?"

ஜாம்பிருவுக்கு இரண்டுமே பெரிது. அபராதம் வாங்கினால் மாமன் போச்சு. விட்டால் கோசோ ஆடு போகும், நாளைக்கு ஒவ்வொருவனாக வந்து நிற்பான். ஒப்புக்கொண்டால் முன்னோரே போச்சு. இவர்களோடு பேசி என்ன ஆகப்போகிறது என்று, தனக்கு எப்போதும் கைகொடுக்கிறவர்களிடமே போனான். நெருப்பின் அருகே குந்தினான். அப்பனைக் கூப்பிட்டான், அப்பனுக்கு அப்பனைக் கூப்பிட்டான். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று, விஷயம் அப்படி. திடீரென்று முகம் மலர்ந்தது. எழுந்து நின்று தலைவனுக்குரிய குரலை எடுத்தான்.

"முன்னோர் சொல்லிட்டாங்க. முசாசோ வேத்தாள் இல்ல. அவரு இந்த நெருப்புக்காரர். பொறப்புலயே நம்ம நெருப்பு. இது இத்தன நாளா மறைஞ்சு கெடந்துச்சு, இன்னிக்கு வெளிச்சத்துக்கு வந்திருக்கு. சொந்த நெருப்புக்காரனுக்குக் கோடும் இல்ல, அபராதமும் இல்ல."

சொல்லிவிட்டு எல்லாரையும் பார்த்தான். மாமா தப்பித்தார், கோசோ வாயடைத்தான், கோடு அப்படியே இருக்கிறது. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டான். இதைவிட அழகாக எவனால் யோசித்திருக்க முடியும்?

இளைய பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். கமாருரு அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். பெட்ரூஸ் நகரத்தில் வளர்ந்த பிள்ளை, அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைவர் பகையை மறந்து கிழவரைத் தன் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார் என்று மொழிபெயர்த்தான். வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்வரை மாமா காத்திருந்தார். "இன்னொருக்கா சொல்லு" என்றார்.

"நீங்க இந்த நெருப்பு, மாமா."

"உங்கப்பனும் நானும் ஒரே நெருப்பு?"

"ஆமா மாமா."

"அப்ப என் தங்கச்சி?"

ஜாம்பிரு கமாருருவைத் திரும்பிப் பார்த்தான்.

"என்கூடப் பொறந்தவடா அவ. எனக்கு எந்த நெருப்போ அதேதானே அவளுக்கும்? அப்ப உங்கப்பன் யாரைக் கட்டிக்கிட்டு வந்தான்? தங்கச்சி முறையில இருக்கறவளையா? உன்னைப் பெத்தவளை, இந்த வீட்டுல செத்தவளை, ஊரு முன்னாடி நிக்க வச்சு அண்ணனுக்கு வாக்கப்பட்டவள்னு சொல்றியாடா?"

கிழவரின் குரல் உடைந்துவிட்டது. அவருக்கு உண்மையாகவே வலித்தது. மங்கிய கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்துப் புழுதியில் கோடு போட்டது. ஜாம்பிருவுக்கும் அம்மா முகம் ஒரு கணம் மனசில் வந்துபோனது.

"அப்படி இல்ல மாமா… நான் சரியாக் கேக்கல போலருக்கு…"

"அப்ப வாசல் சங்கதியும் சரியாக் கேக்கலியோ?" என்றான் கோசோ. "முள்வேலி? என் ஆடு?"

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆமாம் என்று சொன்னால் போதும். கமாருரு நிமிர்ந்து அவன் வாயையே பார்த்தாள். மரத்தடியில் வெள்ளைக்காரர்கள் பார்த்தார்கள், பெண்கள் பார்த்தார்கள், தொங்கு காது ஆடுகூடத் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஜாம்பிரு மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

"முன்னோர் சொன்னா சொன்னதுதான்."

"சரி" என்றார் கிழவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை போய் அந்த இடத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. "முன்னோர் வாக்குக்கு மறுவாக்கு ஏது. இந்த நிமிசம் வரைக்கும் நான் உனக்கு மாமன். இனிமே உங்கப்பனுக்கு அண்ணன், உனக்குப் பெரியப்பன். இந்த நெருப்புக்கு என்னை விட மூத்தவன் எவன் உயிரோட இருக்கான்? நகரு அந்தாண்ட."

ஊன்றுகோலால் ஜாம்பிருவின் காலைத் தட்டி விலக்கிவிட்டு, நெருப்பின் பக்கத்தில், காவலன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். "கமாருரு, காலையில கறந்த பாலைக் கொண்டா தாயி. நெருப்புக்கு மூத்தவன் வாய் வைக்காம வீட்டுல யாரும் குடிக்கக் கூடாதுல்ல?" கமாருரு ஓடினாள். அவ்வளவு வேகமாக அவள் ஓடி ஜாம்பிரு பார்த்ததில்லை. கிழவர் ஒரு வாய் குடித்தார், உதட்டைத் துடைத்தார், நெருப்பின் பக்கம் காதைச் சாய்த்தார்.

"ம்… ம்… அப்படியா? சரி, சொல்லிடறேன்." நிமிர்ந்தார். "உங்கப்பன்தான் பேசினான். பழைய வாசல்தான் அவனுக்குப் பிடிச்சிருக்காம். புகையெல்லாம் ஒண்ணும் இல்லியாம். கோசோ ஆட்டை அவுத்து விடச் சொல்றான், கூட ஒரு குட்டியும் குடுக்கச் சொல்றான். அந்தத் தொங்கு காது ஆட்டை இன்னிக்கே அடிச்சுக் கொழம்பு வைக்கச் சொல்றான். பாவம், அதுவும் எத்தன தடவதான் அபராதம் ஆகும்."

"இதெல்லாம் அப்பா சொன்னாரா?" என்றான் ஜாம்பிரு. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"உனக்குக் கேக்கலியா? மூத்தவன் காதுலதான் விழும்போல."

கோசோ ஆட்டை அவிழ்த்துத் தோளிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டான். குட்டிக்காகக்கூட நிற்கவில்லை. கமாருருதான் குட்டியைப் பிடித்து அவன் பின்னால் ஓட்டிவிட்டாள். குழம்பு என்ற சொல் காதில் விழுந்ததும், பெட்ரூஸ் வெள்ளைக்காரர்களை ஜீப்பில் ஏற்ற ஆரம்பித்தான்.

"வப்பெங்கா" என்றார் கிழவர். "உங்கம்மா வேற எங்கயோ வாக்கப்பட்டா, நல்ல காலம். உனக்கு நான் இன்னும் மாமன்தானே?"

"ஆமா மாமா."

"மாடு மருமவனுக்குத்தான் போகும். எனக்கு ரெண்டு மருமவன் இருந்தானுங்க, இன்னிக்கு ஒருத்தன் கொறைஞ்சு போனான். மந்தை மொத்தமும் உனக்கு. போய் ஓட்டிக்க."

"மாமா!" என்று அலறினான் ஜாம்பிரு.

"பெரியப்பான்னு கூப்புடு."

"மாமா, அண்ணனுக்கும் ஒரு பங்கு…" என்று இழுத்தான் வப்பெங்கா. நல்லவன்தான்.

"பெரியப்பன் மாடு எந்த ஊருலடா தம்பி மவனுக்குப் போயிருக்கு? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? அவன் என்னை நெருப்புக்குக் கேட்டான், வந்துட்டேன். கெளம்பு, பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேரு."

வப்பெங்கா கம்பளியையும் தலையணையையும் இறக்கி வைத்துவிட்டு வண்டியில் ஏறினான். வண்டி உறுமியது. ஜாம்பிரு புழுதிக்குள் நின்றுகொண்டு கிழவரைப் பார்த்தான். அவர் அசையவில்லை. குச்சியால் தணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏறலியா?"

"நான் எதுக்கு ஏறணும்? மாமனை வச்சுப் பாக்கறது மருமவன் இஷ்டம். பெரியப்பனை வச்சுப் பாக்கறது மவன் கடமை." கிழவர் காலை நீட்டிக்கொண்டார். "கம்பளியை உள்ள எடுத்துப் போடு மகனே. ராத்திரி எனக்கு ரெண்டு மூணு தடவ எந்திரிக்க வேண்டி வரும், கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். நீ வாசல் பக்கமாவே படுத்துக்க."